எல்லையும் மொழியும்: ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் பற்றி ஒரு மறுநோக்கு

பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, மறு ஆண்டிலேயே கெய்ரோ நகரில் நிகழ்ந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசினைப் பெற்றுத் தந்தது. நடிப்பின் பெருமை பேசப்பட்ட அளவிற்குப் படத்தின் பொருள் பேசப்படவில்லை. அஃது எல்லை பற்றிய படம் என்பது என் கருத்து.

படத்தின் வரலாற்றுப் பகுதிக்குத் துணைநின்ற ம. பொ. சிவஞானமே வடக்கெல்லைப் போராட்டத்தின் தலைவருமாவார். 1960 ஏப்பிரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தெலுங்கு வழங்கும் அண்டை மாநிலத்தோடு நிலத்துக்கு வழக்காடிய காலத்திலேயே, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசகம்பள நாயக்கர் மரபில் தோன்றிய பாளையக்காரர் தமிழ் வீரத்தின் வடிவமாயினார். இதனை முரண் என்று இகழ்வார் உளர். எனக்கு அது பெருந்தன்மையாகவே தோன்றுகிறது. ஆயினும் படம் அப்பெருந்தன்மையை வெளிப்படக் கூறவில்லை. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் உரையாடல் மேடைக்கென வார்த்த மோனைத் தமிழ். செவிக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வொலிப் பெருக்கில் நாயகனின் வீட்டுமொழி முற்றும் மறைந்துபோயிற்று.

எட்டயபுரத்தார்க்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இத்தகையதே. அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய ஊர்கள் பற்றி இரு பாளையங்களுக்கும் இருந்த எல்லை வழக்கு பின்னுக்குச் செல்ல, படத்தில் தனிமனிதப் பொறாமையே மேலோங்குகிறது. கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. இருந்தும் காட்டிக்கொடுப்பவனுக்குப் பெயராக மக்கள் நாவில் நிலைத்தது எட்டப்பன் என்பதே. படத்தின் ஆற்றலை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை. அதன் குற்றத்தைக் காட்டுவதும் இதுவே.

இக்குறையின் விளைவைக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் காணலாம். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவன் அட்டைக் கிரீடமும் ஒட்டு மீசையும் அணிந்து, சாக்சன் துரைக்கு விடையிறுக்கும் உரையாடலை ஓரெழுத்தும் பிழையாமல் முழங்குவான். பெற்றோர் முன்வரிசையில் இருந்து கைதட்டுவர். அவ்வீரனும் தம்மைப் போல் இருமொழி வாழ்வினன் என்பதை அவர்களுக்கு அறிவிக்கும் காட்சி ஒன்றேனும் அப்படத்தில் இல்லை.