கேட் எட்டரைக்கு, அபராதம் ஓட்டுநருக்கு

தாராபுரத்திலிருந்து காலையில் திருப்பூருக்குப் போகும் கம்பெனி வேன் ஒன்றில் சில மாதங்கள் போய்வந்தேன். முன்கண்ணாடியின் இடது மூலையில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஊர்ப் பெயர்களும் நேரங்களும் பேனாவால் எழுதியவை. முதல் வரி தாராபுரம் 7.15. கடைசி வரி கேட் 8.25. இடையில் குண்டடம், அவினாசிபாளையம், கோவில்வழி என்று பதினான்கு நிறுத்தங்கள். தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்து வரும் பெண்கள் யாரும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மொத்த நேரம் 70 நிமிடம். நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்றாலே 14 நிமிடம் போய்விடும். ஊருக்குள் நுழைந்த பிறகு, கடைசி 8 கிலோமீட்டரைக் காலை நெரிசலில் 25 நிமிடத்துக்குள் கடப்பது கடினம். மிச்சம் 42 கிலோமீட்டர், 31 நிமிடம். அப்படியானால் சராசரியே மணிக்கு 81 கிலோமீட்டர். எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வாடகை வாகனங்களில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது 2015 முதல் மத்திய மோட்டார் வாகன விதி. அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்தால், அந்தத் தாளில் எழுதியிருக்கும் நேரத்துக்கு அந்த வேன் போய்ச் சேரவே முடியாது.

அந்த ஓட்டுநருக்கு ஒரு முறை 1,000 ரூபாய் அபராதம் விழுந்தது. செலான் வண்டி உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். அவர் அதை ஓட்டுநரின் சம்பளத்தில் கழித்துக்கொண்டார். “வேகமாப் போனா போலீசு புடிக்குது, மெதுவாப் போனா கம்பெனி புடிக்குதுங்கண்ணா” என்றார் ஓட்டுநர். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

வேகத்துக்கு அபராதமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கட்சி என்னுடையதல்ல. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் எங்கள் சாலையில் இரவெல்லாம் பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்தவருக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவைப்படாது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு, தார்ச்சாலையின் வெள்ளைக்கோட்டை ஒட்டியே நடக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வண்டி எண்பதில் போனால் அந்தக் காற்றே ஆளைத் தள்ளும்.

இந்தச் சாலைகளில் விழுந்தவர்களுக்கு எலும்பைக் கூட்டி வைத்த ஒரு மருத்துவர்தான் இந்தியச் சாலைப் பாதுகாப்பு வழக்குகளில் முக்கியமான ஒன்றைத் தொடுத்தார். கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். அதன் விளைவாக 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதிவேகமாக ஓட்டினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்தக் குழு 2015இல் மாநிலங்களுக்குச் சொன்னது. பிறகு 2019இல் சட்டமே திருத்தப்பட்டது. அதுவரை அதிவேகத்துக்கு முதல் முறை 400 ரூபாய்வரைதான் அபராதம். திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். மறுமுறை பிடிபட்டால் உரிமமும் பறிபோகும். தமிழ்நாடு உயர்த்தப்பட்ட அபராதங்களை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்த ஏற்பாட்டின் பலத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 400 ரூபாய் என்பது லாரிக்காரருக்கு டீச்செலவு மாதிரி. 1,000 ரூபாய் வலிக்கிறது. கோர்ட்டுக்கு அலையாமல் கட்டிவிட்டுப் போகலாம். செலான் கருவியும் கேமராவும் வந்த பிறகு, ஓரத்தில் நிறுத்திப் பேரம் பேசுவதற்கான இடம் குறைந்திருக்கிறது. 2021இல் வந்த மின்னணுக் கண்காணிப்பு விதி இன்னும் நேர்மையானது: கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும், 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும், அதில் அளந்த வேகமும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். ஒரு காவலரின் கண்மதிப்பை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவும் சொல்கிறது.

ஆனால் விபத்து நடந்த பிறகு இந்த அளவீடெல்லாம் எங்கே போகிறது? 2022இல் நாட்டின் சாலை மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை கணக்குக் காட்டுகிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வழக்கமான வாசகத்திலிருந்து பிறக்கிறது. யாரும் வேகத்தை அளந்திருக்க மாட்டார்கள். விளக்கு எரியாத வளைவும், சாலையில் தேங்கிக் கிடந்த மணலும், திடீரென்று முடிந்துபோன தடுப்புச்சுவரும் அந்த ஒரு வாசகத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. பழி ஓட்டுநரோடு முடிந்துவிடுகிறது. ஓட்டுகிறவருக்குத் தான் எந்த வேகத்துக்குள் போக வேண்டும் என்று சொல்லும் பலகையாவது இருக்கிறதா என்றால் அதுவும் பல இடங்களில் இல்லை. மத்திய அரசு 2018இல் வேக வரம்புகளை உயர்த்தியது; 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. இப்படி எண் மாறிக்கொண்டே இருக்கும்போது, அது சாலையோரத்தில் எழுதியிருப்பது ஓட்டுநருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

அடுத்தது தொகை. வேன் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் என்றால் ஒரு நாள் சம்பளம், பலருக்கு அதற்கும் மேல். அதே சாலையில் சொந்தக் காரில் 110இல் போகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டு பில். பின்லாந்தில் அபராதத்தை வருமானத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 82இல் போன ஒரு பெரும் தொழிலதிபர் 2023இல் 1,21,000 யூரோ கட்டினார். வருமானம் என்பதே பாதிக்கு மேல் கணக்கில் வராத நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. முடியாது என்பதற்காக, ஒரே தொகை எல்லாருக்கும் சமம் என்று நாம் நம்பிவிடவும் கூடாது.

தொகையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் மனிதரைத் தடுக்கிறது. இத்தாலியர் பெக்காரியா 1764லேயே எழுதிவைத்த விஷயம் இது. எங்கள் சாலையில் வேகமானியோடு போலீஸ் வண்டி எப்போதாவது நிற்கும். எதிரே வருகிறவர் இரண்டு முறை லைட்டை அடித்துக் காட்டுவார். எல்லாரும் ஐம்பதுக்கு இறங்கி, அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி எண்பதைத் தொடுவார்கள். குண்டடத்தில் ஒரு கேமரா, அவினாசிபாளையத்தில் ஒரு கேமரா வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் இந்த விளையாட்டு நின்றுபோகும். பிற நாடுகளில் பல காலமாக நடக்கிற முறை இது.

அப்போதும் 7.15க்கும் 8.25க்கும் இடையில் சிக்கிய அந்த ஓட்டுநரின் கதி மாறாது. எல்லா நாளும் பிடிபடுவார், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் 183ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவை எடுத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத பயண நேரத்தை ஒருவர் அட்டவணையாகப் போட்டாலோ, இந்த நேரத்துக்குள் போய்ச் சேர் என்று உத்தரவிட்டாலோ, அதுவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சாட்சி என்கிறது அது. முதல் உட்பிரிவும் வேகமாக ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவரை அப்படி ஓட்ட வைக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்தப் பேனாத் தாள் ஒரு சாட்சிக் கடிதம். கம்பெனி வேனுக்கு மட்டுமல்ல. நிமிடக் கணக்கில் டைமிங் பார்த்து, கலெக்‌ஷனை வைத்துப் படி வாங்கும் தனியார் பஸ் ஊழியருக்கும், கப்பல் தேதிக்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டிய கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும் இது பொருந்தும். ஆனால் அட்டவணை போட்டவர் மேல் இந்தப் பிரிவில் வழக்குப் பாய்ந்ததாக எங்கள் வட்டாரத்தில் நான் ஒரு முறைகூடக் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பிரிவிலும் ஓட்டை இருக்கிறது. ஓட்ட வைத்தவருக்கும் அதே 1,000, 2,000 ரூபாய்தான். மறுமுறை செய்தால் பறிபோவது ஓட்டுநரின் உரிமம். அட்டவணைக்காரர் இழப்பதற்கு எதுவும் இல்லை. ஓட்டுநருக்கு உரிமம்தான் சோறு. அதற்கு ஈடாக அந்தப் பக்கம் வைக்க வேண்டியது வண்டியின் பெர்மிட். தாராபுரத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. தகுதிச் சான்றுக்கு வண்டி வரும்போது பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பதுபோல, ஓடும் வழியையும் நேரத்தையும் எழுதி வாங்கிப் பார்க்கலாம். நான் போட்ட கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். ஒரே வண்டிக்கு மூன்று செலான் விழுந்தால், ஓட்டுநரை விட்டுவிட்டு அட்டவணையை வரவழைக்கலாம்.

கம்பெனித் தரப்பிலும் நியாயம் உண்டு. இருநூறு பேர் எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால்தான் லைன் ஓடும்; பத்துப் பேர் வராவிட்டால் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரி, வேன் முன்கூட்டியே கிளம்பட்டும் என்றால் அந்தக் கால் மணி நேரம் யாருடையது? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குக் கிளம்பி, பத்து மணிக்கு வீடு சேர்ந்து, நாலரைக்கு எழுந்து சமைக்கிற பெண்ணின் தூக்கத்திலிருந்துதான் அது வர வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. வேகத்தைக் குறைப்பதன் விலையைக் கம்பெனி ஏற்காவிட்டால், ஓட்டுநரை விட்டு அது பின்சீட்டுக்கு நகரும், அவ்வளவே.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பாதயாத்திரைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுநரே கேட்டார்: “ஒரு வாரம் ஏழு மணிக்கே வந்துருங்க கண்ணு, சாமிக்குப் போறவங்க ரோட்டுல இருக்காங்க.” எல்லாரும் வந்தார்கள். அந்த வாரம் முழுக்க வேன் அறுபதைத் தாண்டவில்லை. எட்டு இருபத்தைந்துக்குக் கேட்டில் நின்றது. பூசம் முடிந்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நானும் இன்னொரு அக்காவும் மட்டும் நின்றோம். தாளில் 7.15 என்றே இருந்தது.