அல்லி ராச்சியமும் தாரிணி பவனமும்

ஒரு வீட்டிலே பெண்ணின் சொல் சற்று ஓங்கிவிட்டால், "அங்கே அல்லி ராச்சியம்" என்று எள்ளி நகையாடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. இந்த ஏளனத்துக்கு மூலமானது, புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலை. பெண்படை சூழ மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் போரிலே வெல்லவில்லை. கண்ணன் துணையோடு பாம்பு வடிவில் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்த அல்லி வெகுண்டு போராடுகிறாள், ஈற்றில் பணிகிறாள். கதை இதனைக் காதல் என்கிறது. ஆயின், நடந்தது ஆட்சிப் பறிப்பே. தாலி இங்கு அன்பின் சின்னமன்று, அரசியல் ஆயுதம்.

இதற்கு நேர்மாறான ஒரு படைப்பு 1905இல் சென்னையிலேயே அச்சேறியது என்பதை நம்மிற் பலர் அறியார். வங்கத்து முஸ்லிம் பெண்மணியான ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' சஞ்சிகையில் வெளிவந்தது. அக்கனவு நாட்டிலே பெண்கள் ஆளுகின்றனர். ஆண்கள் வீட்டினுள் அடைந்திருந்து சமைக்கின்றனர். அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்க மறுத்ததால் மூண்ட போரை, பல்கலைக்கழகப் பெண்கள் சூரிய வெப்பத்தைக் குவித்து வெல்கின்றனர். பர்தாவின் கொடுமையை ஆண்களுக்கு உணர்த்த இதனினும் கூரிய அங்கதம் வேண்டியதில்லை. எனினும், அங்கே சிறையிலிருப்பவர் மாறினரேயன்றிச் சிறை ஒழியவில்லை. வயலை மின்சக்தி உழுகிறது; உழைப்பாளி எவரையும் காணோம்.

ஆகவே, பலரும் போற்றும் இக்கனவினும் 1924இல் வெளிவந்த 'பத்மராகம்' என்ற அவரது வங்க நாவலே உயர்ந்தது என்பது எமது துணிபு. தீனதாரிணி என்னும் விதவை நிறுவிய தாரிணி பவனம் கனவு நாடன்று. பள்ளிக்கூடம், தொழிற்கூடம், நோயாளர் விடுதி ஆகியவற்றைப் பெண்களே நடத்தும் ஒரு சிற்றூர் போன்றது அது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமின்றி, கணவராலும் குடும்பத்தாராலும் கைவிடப்பட்டோர் அங்கே உழைத்து வாழ்கின்றனர். அங்கு வந்து சேரும் சித்திகா, லத்தீப்பை விரும்புகிறாள். முன்பு சொத்தின் பொருட்டுத் தன்னைப் புறக்கணித்த குடும்பத்தவன் அவனே எனத் தெரியவருகிறது. அவன் மன்றாடியும் அவனோடு இல்லறம் நடத்த மறுத்துவிடுகிறாள்.

அவள் மறுத்தது காதலையா? அன்று. பெண்ணைப் பண்டமாக்கும் திருமண ஒப்பந்தத்தையே மறுத்தாள். அல்லிக்கு உறக்கத்தில் மறுக்கப்பட்ட உரிமையை, அதாவது 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை, சித்திகா விழிப்போடு கையாளுகிறாள். ஆயினும் நாவலின் எல்லையும் இங்குதான் தெரிகிறது. தாரிணி பவனத்தின் பணியிலே தோழனாய்த் தோள்கொடுக்கும் ஓர் ஆணை ரொக்கேயாவாற் படைக்க இயலவில்லை. காதலா, பொதுப்பணியா என்ற தேர்வு பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

அரியணையில் ஒரு பெண் அமர்வதால் மட்டும் இக்குறை தீராது. சப்பிரகமுவ மண்ணிற் பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். அவரே 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தம், 525,000 தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. வரக்காப்பொலைப் பகுதியின் றப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் அடுப்பு மூட்டி, விடிந்ததும் பால்வெட்டி, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அதனால் விளைந்த விடுதலை யாது? தோட்டப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. லயத்து அடுப்படியிற் சமத்துவம் இன்னும் வந்தபாடில்லை.

அல்லியின் தோல்வி, பெண் ஆளத் தகுதியற்றவள் என்பதற்குச் சான்றன்று. சூழ்ச்சியைக் காதலென்று கொண்டாடும் சமுதாயத்துக்கே அது சான்று. உழைப்பும் அதிகாரமும் பங்கிடப்பட்ட இடத்திலேதான் காதலும் மெய்யாகும். அத்தகைய ஓர் ஊரை, அதிலே அடுப்பூதும் ஓர் ஆணை, தோட்டக் கமிட்டியின் தலைமையிலே ஒரு பெண்ணை, நம் எழுத்தாளர் படைத்துக் காட்டவேண்டும். அதுவரை "அல்லி ராச்சியம்" என்ற கேலியை நம் வகுப்பறைகளிலேனும் நிறுத்துவோமாக!