பெட்டி யாரிடம் பேசுகிறது?

2024 ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவுக்கு வடக்கே ராமேஸ்வரத்து விசைப்படகு ஒன்றும் இலங்கைக் கடற்படைக் கப்பலும் மோதின. படகில் இருந்தது நாலு பேர். ஒருவர் இறந்தார், ஒருவர் காணாமல் போனார். அதே மாதம் 30-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் பால்கரில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார்.

இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு கேள்வி வருது. அந்தப் பெட்டி படகில் இருந்திருந்தால் மோதல் தவிர்ந்திருக்குமா? இல்லை என்றே நினைக்கிறேன்.

சும்மா குறை சொல்லக்கூடாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான இந்தப் பெட்டி நல்ல பெட்டிதான். செல்போன் டவர் எட்டாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு ஆபத்துச் செய்தி அனுப்பலாம். புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். ஒக்கி மாதிரி ஒரு புயலில் இதன் அருமை தெரியும்.

ஆனால் இது பேசுவது கரையோடு. பக்கத்தில் வருகிற படகோடு அல்ல.

இதற்கு நேர்மாறான ஒரு பெட்டி வானத்தில் இருக்கிறது. கிளைடர் என்பது என்ஜின் இல்லாத விமானம். மேலெழும் வெப்பக் காற்றைப் பிடித்துத்தான் உயரம் ஏறும். ஒரே காற்றுத்தூணில் பத்துப் பதினைந்து கிளைடர்கள் வட்டமடிக்கும்போது மோதல் ஆபத்து அதிகம். இதற்காகக் கிளைடர் ஓட்டிகளே முன்னின்று உருவாக்கி, 2004-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது ஃபிளார்ம் என்ற கருவி. ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தை அறிந்து, அடுத்த சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று கணித்து, அதைச் சிறு ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள கருவி அதைக் கேட்டுத் தன் பாதையோடு ஒப்பிடும். பக்கத்தில் இருப்பதற்காகவெல்லாம் கத்தாது, மோதும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே கத்தும். நடுவில் கட்டுப்பாட்டு அறை எதுவும் கிடையாது.

அதிலும் குறை உண்டு. எதிரே வருபவரிடமும் அந்தக் கருவி இருந்தால்தான் பலன். அதன் ரேடியோ மொழியை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது என்ற புகாரும் பழையது.

கடலுக்கு இது புதுசு இல்லை. வெளிநாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏஐஎஸ் கருவி கட்டாயம். அது தன் இடம், வேகம், திசையை விஎச்எஃப் ரேடியோவில் சுற்றியுள்ள எல்லாருக்கும் சொல்லும். நம்மூரில் 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத்தான் அதைக் கேட்கிறார்கள். சின்னப் படகு அந்தக் கணக்கில் வராது.

பாக் நீரிணையில் மோதல் தவிர்க்க ஏற்கெனவே ஒரு ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு. வலை அறுந்து, அடிதடியாகி, பேசிப் பேசி வந்த முடிவு அது. மின்சாரமே வேண்டாத கருவி. ஆனால் விசைப்படகுகள் ஒரே நாளில் மொத்தமாகக் கிளம்பி, ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் மடி இழுக்கும்போது அவற்றுக்குள் நடக்கும் மோதலை அது தடுக்காது. ரோந்துக் கப்பலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

"எல்லாரிடமும் இடத்தைச் சொன்னா பிடிபட மாட்டோமா?" என்று மீனவர் கேட்பது நியாயமான கேள்வி. மீன் கிடைக்கிற இடத்தையும் யாரும் ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். பிடிபடக் கூடாதென்று நினைப்பவர் விளக்கையே அணைத்துவிடலாம், பெட்டியை மட்டும் விட்டுவைப்பாரா? ஃபிளார்ம் இந்தச் சிக்கலையும் யோசித்திருக்கிறது. தூரத்திலிருந்து பின்தொடர முடியாதபடி தன் விவரத்தைக் குறைத்துக்காட்டும் வசதி அதில் உண்டு. அப்போதும் மோதல் எச்சரிக்கை வேலை செய்யும்.

வேண்டுமென்றே வந்து இடிக்கிற கப்பலை எந்தக் கருவியும் நிறுத்தாது. ஆகஸ்ட் சம்பவம் விபத்தா இல்லையா என்பதில் இரு தரப்பும் இரண்டு சொல்கின்றன. அதைத் தீர்ப்பது அரசியலின் வேலை.

என் குறை வேறு. தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்: ஆளின் உயிருக்குக் காவல், நாட்டின் எல்லைக்குக் காவல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுக் கருவிகள் பற்றிய பேச்சில் இரண்டாவது பொருளே ஓங்கி நிற்கிறது. முதல் பொருளுக்கு வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை: படகோடு படகு பேசும் மலிவான ரேடியோ, டிரைவர் காதில் விழும் ஒரு சத்தம், அந்தத் தகவல் கரைக்குப் போகாது என்ற உறுதி. அடுத்த பெட்டியை வடிவமைக்கும்போது, ராத்திரி வலை இழுக்கிறவரையும் மேசையில் உட்கார வைத்துக் கேட்டால் நல்லது.