கொழுந்தும் முகப்பருவும்: சான்றின் வலிமை

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அன்று தொட்டு நெடுங்காலம் இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அதே தேயிலை இன்று மாத்திரையாகிக் குப்பியில் அடைபட்டு, ‘பசுந்தேயிலைச் சாறு’ என்னும் பெயருடன் தோட்டத்து வீடுகளுக்குத் திரும்பி வருகின்றது. ஹார்மோன் என்னும் சுரப்புநீரின் மாறுபாட்டால் மகளிர்க்கு எழும் முகப்பருவை அஃது உள்ளிருந்தே தீர்க்கும் என்பது விற்போர் கூற்று. இக்கூற்றுக்குச் சான்று உண்டா? உண்டெனின் அதன் வலிமை எத்துணை? இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பொருளின் உண்மை காண நம் முன்னோர் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை வகுத்தனர். விளம்பரமும் அண்டை வீட்டார் புகழ்ச்சியும் உரையின்பாற்படும். ஆயின், முகப்பரு தானே எழுந்து தானே தணியும் இயல்பினது. மாதவிலக்கை ஒட்டி மிகுந்து குறைவதும் உண்டு. மிகுந்த வேளையில் எதனை உண்டாலும், பின்னர்த் தணிவது அதன் பயனாகவே தோன்றும். ஆதலின் உரையை மட்டும் நம்புதல் ஒல்லாது.

அடுத்துக் கருதல். பெண்டிர் உடலிலும் ஆண்மைச் சுரப்புநீர் சிறிதளவு உண்டு. ஒரு நொதி அதனை வலிமை மிக்க வடிவாக மாற்ற, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. பசுந்தேயிலையிலுள்ள கேட்டச்சின் என்னும் பொருள் அந்நொதியைத் தடுப்பதைச் சிகாகோ ஆய்வாளர் லியாவோ, ஹீபக்கா ஆகியோர் 1995ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். கருதலுக்கு இது நல்ல அடிப்படையே. எனினும், வாய்வழி உட்கொண்ட கேட்டச்சினில் மிகச் சிறுபகுதியே குருதியில் சேர்கின்றது. கண்ணாடிக் குழாயில் நிகழ்ந்தது உடலிலும் நிகழும் எனத் துணிதற்கில்லை. நாம் நாளும் அருந்தும் கறுப்புத் தேநீரையும் இதற்குச் சான்றாகக் காட்டல் இயலாது. கொழுந்தை வாட்டி, உருட்டிப் புளிக்கவைக்கும்போது கேட்டச்சினின் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகின்றது.

எஞ்சியது காட்சி. தைவான் ஆய்வாளர் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வே இங்குத் தலையாயது. முகப்பருவுடைய வயது வந்த மகளிர் 80 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் சாறும், மறுசாரார்க்கு வெற்று மாத்திரையும் நான்கு வாரம் தரப்பட்டன. யார்க்கு எது என்பது இருதிறத்தார்க்கும் மறைக்கப்பட்டது. முறை பாராட்டத்தக்கதே. முடிவோ? மூக்கு, வாயைச் சுற்றிய பகுதி, மோவாய் ஆகிய இடங்களில் வீங்கிய பருக்கள் சாறுண்டார்க்குக் குறைந்தன. ஆயின் பருக்களின் மொத்த எண்ணிக்கையில் இரு சாரார்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

விற்போர் முன்னதைக் கூறிப் பின்னதை விழுங்கிவிடுகின்றனர். சாறுண்டார்க்குத் தொடக்கத்தைவிட மொத்தப் பருக்கள் குறைந்தன என்பதும் அவர்கள் காட்டும் சான்று. இது வாதப் பிழை. புதிய வாசிப்பு நூலைக் கற்ற வகுப்பு ஆண்டிறுதியில் முன்னேறியது என்று கூறுவதால் நூலின் சிறப்பு நிலைநாட்டப்படுமா? பழைய நூலைக் கற்ற வகுப்போடு ஒப்பிட்டபின் அன்றோ முடிவு கூறுதல் வேண்டும்! மேலும், முகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து எண்ணின், சிலவற்றில் தற்செயலாகவே வேறுபாடு தோன்றக்கூடும். எண்பதின்மருள் 64 பேரே கணக்கில் வந்தனர். ஐந்தில் ஒரு பங்கினர் விடுபட்டனர். நான்கு வாரமோ ஒரு மாதவிலக்குச் சுற்றின் அளவே.

இதனோடு, இங்கிலாந்து, வேல்சுப் பகுதிகளில் நடந்து 2023இல் வெளியான ஸ்பைரோனோலாக்டோன் ஆய்வை ஒப்பிடுக. அதில் மகளிர் 410 பேர். காலம் 24 வாரம். வெற்று மாத்திரையை விஞ்சிய பயன் புலனாயிற்று. ஆயினும் அம்மருந்தும் கருவுற்றோர்க்கு ஆகாது. மருத்துவர் மேற்பார்வையிலேயே கொள்ளத்தக்கது.

இலைப்பொருள் ஆதலின் தீங்கில்லை என்பாரும் உளர். கேட்டச்சின் வகைகளுள் தலையாயதான இ.ஜி.சி.ஜி.யை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ துணையுணவாக உட்கொள்வது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளோடு தொடர்புடையது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. குப்பியின்மீதுள்ள ‘மால்’ பதிவு எண் அப்பொருள் நம் நாட்டில் பதிவு பெற்றது என்பதைக் காட்டும். முகப்பருவைத் தீர்க்கும் என்பதற்கு அதுவே சான்றாகாது.

ஆதலின் நம் முடிபு இது: கருதல் ஓரளவு துணை நிற்கின்றது, காட்சி மெலிந்தது, உரையோ மிகைபட்டது. அந்த மெலிந்த காட்சியும் வயது வந்த மகளிர்பால் கண்டதேயன்றிப் பள்ளிச் சிறுமியர்பால் கண்டதன்று. கொழுந்துக் கூலியில் குப்பி வாங்கும் தாயர்க்கு இதனை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்க மருத்துவ நிலையத்தில் மருத்துவரைக் காணலாம். காலங்கடத்தின் பரு ஆறினும் வடு நிற்கும். அவ்வடுவைச் சுமப்பவள் விற்றவன் அல்லன், நம் மாணவியே.