விடைத்தாளைத் தொலைத்துவிட்டு...

இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’. 1931 மார்ச் 14-ல் பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் ரிலீஸ். ஹீரோயின் ஜுபைதா. க்விஸ் போட்டிக்கு இது போதும். ஜுபைதாவுக்குப் போதாது!

குஜராத்தில் சூரத் பக்கம் இருந்த சச்சின் சமஸ்தானத்து நவாபின் மகள் என்று அறியப்பட்டவர். நடிக்க வந்தபோது சின்னப் பொண்ணு. கௌரவமான வீட்டுப் பெண்கள் சினிமா பக்கமே எட்டிப்பார்க்காத காலம். அம்மா ஃபாத்மா பேகமோ தானும் நடித்து, 1926-ல் ‘புல்புல்-இ-பரிஸ்தான்’ எடுத்து, நாட்டின் முதல் பெண் இயக்குநர் ஆனவர்!

பேச்சு வருவதற்கு முன் சில வருஷங்கள், வசனமே இல்லாமல் கண்ணாலும் கையாலும் கதை சொன்னவர் ஜுபைதா. அதை இன்று பார்க்க முடியுமா? ‘ஆலம் ஆரா’வுக்கே பிரின்ட் கிடையாது. அம்மாவின் படமும் போச்சு. மிஞ்சியவை சில ஸ்டில்கள்.

அதை வைத்துக்கொண்டு ‘பேரழகி, இளவரசி’ என்று எழுதித் தள்ளுகிறோம். அழகு போட்டோவில் தெரியும் சார்... நடிப்பு தெரியுமா? விடைத்தாளைத் தொலைத்துவிட்டு, கையெழுத்து அழகுக்கு மட்டும் மார்க் போடுகிற வேலை இது.

ஜுபைதா மறைந்தது 1988-ல். ‘ஆலம் ஆரா’ வந்து 57 வருஷம் கழித்து! தேட, கேட்க, பத்திரப்படுத்த அது குறைச்சலான அவகாசமா என்ன?