கரடி தராத விடுதலை

பென் மைக்கேல்சன் 2001இல் எழுதிய 'டச்சிங் ஸ்பிரிட் பேர்' என்னும் ஆங்கிலப் புதினத்தை, காடு ஒருவனைத் திருத்திய கதை என்று கூறிவிடுதல் எளிது. மினியாபொலிஸ் நகரச் சிறுவன் கோல், தந்தையின் அடிகளில் வளர்ந்தவன், வயது 15. உடன்பயிலும் பீட்டரின் பேச்சும் நடையும் தடுமாறும்படி அவன் தலையைத் தரையில் மோதுகிறான். சிறைக்கு மாற்றாக, பழங்குடியினரின் வட்ட நீதி முறைப்படி, அலாஸ்காவின் தனித்தீவொன்றில் ஓராண்டு வாழ அனுப்பப்படுகிறான். அங்கே வெண்கரடியைக் கொல்ல முனைந்து, அதனால் குதறப்படுகிறான்.

உயிர்தப்பித் தீவுக்குத் திரும்பும் அவனுக்கு, டிலிங்கிட் இன முதியவர் எட்வின் சினமடக்கக் கற்பிக்கிறார்: குளிர்நீரில் அமர்தல், பாறையைக் குன்றேற்றி உருட்டிவிடுதல். சினம் தணிகிறது, ஆனால் விளைத்த தீங்கு தணியவில்லை. பீட்டர் தற்கொலைக்கு முயல்கிறான். அவனையும் தீவுக்கு அழைத்துவரக் கேட்பவன் கோலே. அங்கே பீட்டர் அடிக்க, கோல் திருப்பி அடியாது நிற்கிறான். மனமாற்றத்தின் மெய்ம்மையை நாம் காண்பது இங்கேதான், கரடியிடம் அன்று.

குறையும் உண்டு. கோலின் காயங்களுக்குப் பல பக்கங்கள். பீட்டரின் துயரமோ பெரிதும் பிறர் சொல்லும் செய்தி. மன்னிக்க வேண்டியவனின் உள்ளம் நமக்குத் திறக்கப்படவில்லை. அவனது மன்னிப்பு, குற்றவாளிக்குரிய மருந்தாக மட்டும் சுருங்கிவிடலாகாது.

எனினும், தான் செதுக்கும் மரத்தூணில் கோல் ஓரிடத்தை வெறுமையாக விட்டுவைக்கிறான். இறுதியில் இருவரும் சேர்ந்தே அங்கு ஒரு வட்டத்தைச் செதுக்குகின்றனர். ஒப்புரவு தனியொருவனின் கைவேலை அன்று என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.