கயிறு அறிந்த கை

வடக்கு பிரான்சில் அமியான் நகரத்துப் பிக்கார்டி அருங்காட்சியகத்தில் ‘மெதூசாவின் தெப்பம்’ ஒன்று உண்டு. ஜெரிக்கோ தீட்டிய மூலமல்ல அது. 1859-60இல் கியமே, ரோன்ஷா என்ற இரு ஓவியர்கள் மூலத்தின் அளவிலேயே, ஏழு மீட்டருக்கு மேல் அகலமாகத் தீட்டிய நகல். 1816இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் தரைதட்டிய மெதூசா கப்பலிலிருந்து ஏறத்தாழ 150 பேர் ஒரு தெப்பத்தில் கைவிடப்பட்டார்கள். 13 நாளுக்குப் பின் 15 பேரே உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையைச் சொல்லும் ஜெரிக்கோவின் ஓவியம் 1819இல் பாரிசில் காட்சிக்கு வந்தது. நாற்பதே ஆண்டுகளில் கெட்டுக்கொண்டிருந்தது. நிழல்களுக்குப் பூசிய நிலக்கீல் வண்ணமே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த வண்ணம் முழுதாகக் காய்வதில்லை. சுருங்கி வெடித்து, மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போகும். 1860இன் கண்கள் அந்தக் கித்தானில் எதைக் கண்டன என்பதற்கு இன்று அமியான் நகல் ஒரு சாட்சி.

நகல் என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். கடலோவியத்தைப் பொறுத்தவரை அந்த இளக்காரம் நியாயமற்றது என்றே நினைக்கிறேன். இந்தக் கலை வளர்ந்ததில் படியெடுக்கும் பட்டறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மூத்த வில்லம் ஃபான் டெ ஃபெல்டெ டச்சுக் கடற்படையோடு சிறு படகில் போய், பீரங்கிப் புகைக்கு நடுவே போரைக் கோட்டோவியமாக வரைந்தவர். 1672-73 குளிர்காலத்தில் மகனோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அரசர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தார்: கடற்போர்களை வரைவதற்குத் தந்தைக்கு, அவற்றை வண்ணத்தில் ஆக்குவதற்கு மகனுக்கு. வரைந்த தாளின்மேல் வேறு தாளை வைத்து அழுத்தித் தேய்த்து, கரிக்கோடுகளை இடவலம் மாறிப் பதியவைத்து, அதைத் திருத்தி மீண்டும் பயன்படுத்தினார்கள். ஒரே போர்க்காட்சிக்குப் பல பிரதிகள் கிரீனிச்சில் இருந்த அவர்களுடைய பட்டறையிலிருந்து வெளியே போயின. இதில் எது மூலம், எது நகல் என்று கோடு கிழிப்பது எளிதல்ல.

சீனத் துறைமுகமான கேண்டனில் இந்தப் படியெடுப்பு முழுநேரத் தொழிலாகவே வளர்ந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வணிகத்துக்கு வந்த மேலைக் கப்பல் தலைவர்கள் தங்கள் கப்பலின் படத்தைச் சீன ஓவியர்களிடம் எழுதி வாங்கிப்போனார்கள். துறைமுகப் பின்னணி படத்துக்குப் படம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கப்பலும் கொடியும் மட்டும் மாறும். ஆனால் வாங்குபவர் அந்தக் கப்பலிலேயே வாழ்ந்தவர். ஒரு கயிறு இடம் மாறினாலும் அவர் கண்ணில் படும். அதனால்தான் அந்தப் படங்களில் அலை வெறும் வாய்ப்பாடாக இருந்தாலும் பாய்மரக் கயிறுகள் பிசகுவது அரிது.

கேண்டன் இருக்கும் அதே முத்தாற்றுப் படுகையில், ஷென்சென் நகரத்துத் தாஃபென், இன்று உலகறிந்த நகலோவியக் கிராமம். 1989இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹுவாங் ஜியாங் என்பவர் சில ஓவியர்களோடு அங்கே தொழிலைத் தொடங்கினார். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைய, உள்நாட்டுச் சந்தையை நோக்கித் திரும்பினார்கள். அங்கே கப்பலைக் கப்பல்காரர் சரிபார்ப்பதில்லை. மூலம் என்று கையில் இருப்பது அச்சுப்படமோ திரைப்படிமமோதான்.

இங்கேதான் நகல் வழுக்குகிறது. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும் பாய்க்கப்பலில் கொடி முன்னோக்கிப் பறக்கும். நீராவிக் கப்பலையும் மோட்டார்ப் படகையும் மட்டுமே பார்த்த கை, அதைப் பிழையென்று எண்ணிப் பின்னோக்கித் திருப்பிவிடும். அதோடு பாய் ஒரு காற்றிலும் கொடி வேறொரு காற்றிலும் நிற்கும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறு வேறு, பாயை ஏற்றி இறக்கும் கயிறு வேறு. தெரியாதவர் இரண்டையும் சிலந்திவலையாக ஆக்கிவிடுவார்.

தண்ணீர் இதைவிடக் கடினம். ஓடும் அலையைப் பார்த்து வரைய முடியாது என்று ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி நினைவிலிருந்தே தீட்டினார். அவருடைய ‘ஒன்பதாம் அலை’ (1850) மூன்று மீட்டருக்கு மேல் அகலம். கண்ணாடிபோல் மெல்லிய வண்ணப்பூச்சுகளை அடுக்கியதால் அலையின் முகட்டில் வெளிச்சம் ஊடுருவுகிறது. அதையே இரண்டடிக் கித்தானில் ஒரே பூச்சாக எழுதினால் பச்சை நிறம் மிஞ்சும், பயம் போய்விடும். டர்னரின் ‘போர்க்கப்பல் டெமரேர்’ (1839) நகல்களிலும் அந்தி வானம் பெரும்பாலும் ஆரஞ்சாகப் பொங்குகிறது. மங்கிய வெள்ளையாக நிற்கும் அந்தப் பழங்கப்பலின் மௌனத்தை அது விழுங்கிவிடுகிறது.

பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்று படியெடுக்க வருவோருக்கு ஒரு விதி: நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக்கூடாது. மோசடியைத் தடுக்கும் விதிதான். ஆனாலும் அது படியெடுப்பவரை ஒவ்வொரு விகிதத்தையும் மறுபடி கணக்கிட வைக்கிறது. மூலத்தின் முன்னால் நின்று பார்த்து எழுதும் இந்தப் பழக்கம் கடலோவியத்துக்கு மிகவும் தேவை.

ரெம்பிராண்ட் தீட்டிய ஒரே கடற்காட்சி ‘கலிலேயாக் கடலில் புயல்’ (1633). 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டீவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. வெறும் சட்டகம் அதே சுவரில் தொங்குகிறது. அந்தப் புயலைக் கையால் தீட்டிய வண்ணத்தில் காண விரும்புவோருக்கு இன்று நகலைத் தவிர வேறில்லை. படகில் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் மட்டும் நம்மைப் பார்க்கிறார். அது ரெம்பிராண்டே என்பார்கள். ஒரு கையால் தொப்பியைப் பிடித்திருக்கிறார், மறு கையில் கயிறு. ஒரு நகல் கிடைத்தால் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்: கயிறு இழுபட்டு விறைத்திருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று.